சாலையோர விலங்கு கண்டறியும் அமைப்பு: இடம் பார்ப்பதிலிருந்து விளக்கு எரிவது வரை

சாலையோரத்தில் மான் வந்தால் விளக்கு மினுங்க வேண்டும். விளக்கைப் பார்த்து ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க வேண்டும். வேலை இவ்வளவுதான். ஆனால் இதைப் புதிதாகச் செய்ய வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் நாளே வெப்பத்தைப் படமாக்கும் ஒரு தெர்மல் கேமராவின் விவரத்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கேமரா வந்து இறங்கிய பிறகுதான், அது விலங்கைப் பார்க்கும் நொடிக்கும் வண்டி அந்த இடத்தை அடையும் நொடிக்கும் நடுவில் ஓட்டுநருக்கு எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை.

அதனால் இந்த வழிகாட்டி ஓட்டுநரிடம் தொடங்கி, சென்சாரை நோக்கிப் பின்னோக்கிப் போகிறது. சென்சார் ஆறாவது படியில்தான் வரும். நடுவில் தாண்டிப் போக ஆசை வரும்; போகாதீர்கள்.

1. இந்த அமைப்புதான் தேவையா என்று பாருங்கள்

பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஒரு பகுப்பாய்வில், பெரிய பாலூட்டிகள் அடிபட்டுச் சாவது வேலியும் கடவுப் பாதையும் சேர்ந்த இடங்களில் 83% குறைந்திருந்தது. கண்டறியும் அமைப்பு வைத்த இடங்களில் குறைந்தது 57%. வண்டியின் விளக்கொளியைத் திருப்பி விலங்கை விலக்கப் பார்க்கும் சாலையோரப் பிரதிபலிப்பான்களால் வெறும் 1%. ஆகவே வேலி போட்டு, அடியிலோ மேலோ பாதை விட முடிகிற இடம் என்றால் அதைச் செய்யுங்கள். இந்த வழிகாட்டி உங்களுக்குத் தேவைப்படாது.

வேலி முழுவதும் போட முடியாது, மேம்பாதைக்கு மண்ணின் அமைப்பு இடம் தராது, விலங்குகள் ஓரளவு ஒரே இடத்தில் கடக்கின்றன: இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் இது. அதிலும் நல்ல பலன் தருவது, இரு பக்கமும் வேலி போட்டு நடுவில் விட்ட இடைவெளியில் மட்டும் கண்டறியும் அமைப்பை வைப்பது. அமெரிக்காவின் அரிசோனாவில் பேசன் என்ற ஊருக்குக் கிழக்கே 260-ஆம் எண் சாலையில் வேலி முடியும் இடத்தில் இப்படித்தான் வைத்தார்கள். விலங்கு எங்கே வரும் என்பதை வேலி தீர்மானித்துவிடுகிறது. சென்சார் பார்க்க வேண்டிய நிலம் சுருங்கிவிடுகிறது.

இரண்டு இடங்களில் இதைத் தொடவே வேண்டாம். ஒன்று, வண்டிகள் இடைவெளியே இல்லாமல் போகும் சாலை. அங்கே விளக்கு எரிந்து முன்வண்டி பிரேக் போட்டால் பின்வண்டி வந்து முட்டும். இன்னொன்று, ஆமை, தவளை, பாம்பு கடக்கும் இடம். சிறிய உயிர்களை நம்பகமாகப் பிடிக்கும் சாலையோரச் சென்சாரை நான் பார்த்ததில்லை. அவற்றுக்குச் சாலைக்கு அடியில் குழாய்ப் பாதைதான் சரி.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மோதல் பதிவுகள் வேண்டும்: இடம், மணி, மாதம், விலங்கு. காவல் துறைப் பதிவில் இருப்பதைவிடச் சாலைப் பராமரிப்பு ஆட்களின் நினைவில் அதிகம் இருக்கும், ஏனென்றால் உடலை அப்புறப்படுத்துவது அவர்கள்தான். அவர்களோடு வண்டியில் ஒருமுறை அந்தச் சாலையில் போய் வாருங்கள். "இந்த மைல்கல்லுக்கும் அந்தப் புளியமரத்துக்கும் நடுவில்" என்பது போன்ற துல்லியம் எந்த அட்டவணையிலும் கிடைக்காது.

அடுத்து, வண்டிகள் உண்மையில் போகும் வேகம். பலகையில் எழுதிய வேகம் எதற்கும் உதவாது. இரவில் ஒரு வாரம் அளந்து, 100 வண்டிகளில் 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் போகின்றன என்று எடுங்கள். இனி வரும் கணக்கெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான்.

மூன்றாவது, அனுமதி. சாலை ஒரு துறையுடையது, ஓரநிலம் இன்னொரு துறையுடையது, விலங்கு மூன்றாவது துறையின் பொறுப்பு. மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாங்கும்போதே "பழுதானால் யார், எத்தனை மணி நேரத்தில் வருவார்" என்ற வரியும் அதில் இருக்கட்டும். பிறகு சேர்க்க முடியாது.

நான்காவது, 4 முதல் 6 காட்டுக் கேமராக்கள். அசைவு கண்டால் படம் எடுக்கும் சாதாரண வகை போதும்.

3. கடக்கும் இடத்தை நடந்து குறுக்குங்கள்

மோதல் பதிவு 3 கிலோமீட்டரைக் காட்டும். நீங்கள் காக்கக்கூடியது 200 முதல் 400 மீட்டர்தான். அந்தச் சில நூறு மீட்டர் எது என்று கண்டுபிடிக்க இரு ஓரமும் நடக்க வேண்டும்.

மழை பெய்த மறுநாள் காலையில் நடங்கள். காலடித் தடம் தெளிவாக இருக்கும். புல் ஒரு பக்கமாகச் சாய்ந்த ஒற்றையடித் தடம், எச்சம், கம்பியில் சிக்கிய மயிர், மரப்பட்டையில் உரசிய சேறு, எல்லாவற்றையும் ஜி.பி.எஸ். புள்ளியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மேடும் பள்ளமும் உள்ள இடத்தில் விலங்குகள் பெரும்பாலும் ஓடை வழியாக இறங்கி வரும். தடுப்புச் சுவர் முடியும் முனையையும் தவறாமல் பாருங்கள். சுவர் ஓரமாகவே நடந்து வந்து முனையில் கடக்கும் விலங்குகள் நிறைய.

குறித்த இடங்களில் காட்டுக் கேமராக்களை ஓர் ஆண்டு வைத்தால் நல்லது. குறைந்தது வறண்ட காலமும் மழைக் காலமும் அதில் அடங்க வேண்டும். தண்ணீர் மாறினால் தடமும் மாறும். ஒரே பருவத்தில் பார்த்துவிட்டுக் கம்பம் நட்டவர்கள் அடுத்த பருவத்தில் 500 மீட்டர் தள்ளி மோதல் நடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கம்பம் நகராது.

4. ஓட்டுநருக்கு வேண்டிய தூரத்தைக் கணக்கிடுங்கள்

இங்கேதான் பேனாவும் தாளும் வேண்டும். சாலை வடிவமைப்பில் வழக்கமாக, ஓட்டுநர் கண்டு, புரிந்து, காலை பிரேக்குக்கு மாற்ற 2.5 நொடி ஆகும் என்றும், பிரேக் போட்ட வண்டியின் வேகம் ஒவ்வொரு நொடியிலும் நொடிக்கு 3.4 மீட்டர் குறையும் என்றும் எடுத்துக்கொள்வார்கள். அதன்படி சமதளத்தில் வண்டி நிற்கும் தூரம்:

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சுமார் 83 மீட்டர்.
80 கி.மீ. வேகத்தில் சுமார் 128 மீட்டர்.
100 கி.மீ. வேகத்தில் சுமார் 183 மீட்டர்.

எதிரே வண்டி வரும்போது ஓட்டுநர் முகப்பு விளக்கை டிம் செய்கிறார். அப்போது அவருக்குத் தெளிவாகத் தெரிவது ஏறத்தாழ 50, 60 மீட்டர். அதாவது 60 கி.மீ. வேகத்தில் போகிறவர்கூடத் தன் கண்ணை மட்டும் நம்பினால் மானுக்கு முன்னால் நிறுத்த முடியாது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் விளக்கு.

ஆகவே முதல் பலகை, விலங்கு கடக்கும் பகுதி தொடங்குவதற்கு முன்னால், நிற்கும் தூரத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 80 கி.மீ. சாலையென்றால் 130 மீட்டருக்குக் குறையக் கூடாது. இறக்கமாக இருந்தால் இன்னும் கூட்டுங்கள்.

புதியவர்கள் தவறும் இடம் இதற்கு அடுத்தது. ஓட்டுநர் பலகையைத் தாண்டிய மறுநொடி விளக்கு எரிந்தால் என்ன ஆகும்? அவருக்குத் தெரியாது. கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டா ஓட்டுவார்? அந்த நேரத்தில் முதல் பலகைக்கும் பகுதியின் கடைசி முனைக்கும் நடுவில் உள்ள எல்லா வண்டிகளும் எச்சரிக்கப்படாத வண்டிகள். இதைக் குறைக்க ஒரே வழி, ஒரு பலகையைத் தாண்டும் கணத்தில் அடுத்த பலகையின் விளக்கு கண்ணில் படும்படி, பகுதிக்குள்ளேயும் பலகைகளை நடுவது. வளைவு இருந்தால் அதற்குத் தனியாக ஒன்று. எதிர்த்திசைக்கும் இதே கணக்கு.

5. விலங்கின் நேரத்தைக் கணக்கிடுங்கள்

இப்போது சாலையின் குறுக்கே திரும்புங்கள். உதாரணமாக, பகுதி 200 மீட்டர், முதல் பலகை அதற்கு 130 மீட்டர் முன்னால், உள்ளே வேறு பலகை இல்லை என்று வைத்துக்கொள்வோம். பலகையைத் தாண்டிய வண்டி 330 மீட்டர் போனால்தான் பகுதியை விட்டு வெளியேறும். 80 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 22 மீட்டர். ஆக 15 நொடி. அமைப்பு கண்டறிந்து விளக்கை எரிய வைக்க 2 நொடி என்று சேர்த்தால் 17.

சாதாரண நடையில் நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் வரும் விலங்கு 17 நொடியில் 25 மீட்டர் நடந்துவிடும். எனவே சாலை விளிம்பிலிருந்து 25 மீட்டர் தள்ளியே அதைக் கண்டுபிடித்தாக வேண்டும். உங்கள் கையில் இருக்கும் ஓரநிலமோ 10 மீட்டர்தான் என்றால் கணக்கு உதைக்கிறது. அப்போது மூன்று வழிகள்: பகுதிக்குள் இன்னொரு பலகை நட்டு எச்சரிக்கப்படாத நீளத்தைக் குறைப்பது, பகுதியையே வேலியால் சுருக்குவது, அல்லது இரவு வேக வரம்பைக் குறைப்பது. எச்சரிக்கப்படாத நீளம் 150 மீட்டராகச் சுருங்கினால், 7 நொடியும் அந்த 2 நொடியும் சேர்த்து 9 நொடி. 14 மீட்டர் போதும்.

பாய்ந்து வரும் விலங்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நொடிக்கு 10 மீட்டர் ஓடும் மானை எந்தச் சென்சாரும் காப்பாற்றாது. இதை அனுமதி தரும் துறையிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு நடக்கும் முதல் மோதலுக்கு "அமைப்பு தோற்றுவிட்டது" என்று கடிதம் வராது.

6. இப்போது சென்சாரைத் தேர்ந்தெடுங்கள்

எத்தனை மீட்டர் தள்ளி, எவ்வளவு நீளத்துக்கு, எந்த உயரமுள்ள விலங்கு என்ற மூன்றும் கையில் இருக்கிறது. இனித்தான் விவரத்தாள்.

கற்றை முறை: ஒரு கம்பத்திலிருந்து இன்னொரு கம்பத்துக்கு அகச்சிவப்பு, லேசர் அல்லது மைக்ரோவேவ் கற்றை போகும், விலங்கு குறுக்கே வந்தால் அறுபடும். நீளமான, நேரான, சமமான ஓரத்துக்கு நல்லது. ஆனால் நிலம் குழிந்த இடத்தில் காட்டுப்பன்றி கற்றைக்கு அடியில் போய்விடும். மானின் நெஞ்சு உயரத்துக்கு ஒன்று, பன்றிக்கு இன்னும் தாழ்வாக ஒன்று என இரண்டு வரிசை வேண்டியிருக்கும். தாழ்ந்த வரிசைதான் உங்களுக்குத் தலைவலி, ஏனென்றால் புல் அதைத்தான் முதலில் எட்டும். இன்னொரு குறை: கற்றை அறுந்தது தெரியும், விலங்கு சாலைக்கு வருகிறதா திரும்பிப் போகிறதா என்பது தெரியாது.

பி.ஐ.ஆர். வகை (தானாக எதையும் வீசாமல், வரும் அகச்சிவப்பை மட்டும் உணரும் சென்சார்): உடல் வெப்பத்துக்கும் பின்னணி வெப்பத்துக்கும் உள்ள வேறுபாடு நகர்வதைப் பிடிக்கும். மின்சாரம் மிகக் குறைவாகத் தின்னும். வெயிலில் சுட்ட மண் உடல் வெப்பத்தை நெருங்கும் மாலையில் இதற்குப் பாதிக் கண் போய்விடும். விலங்குகள் இறங்கி வரும் நேரமும் அதுதான்.

தெர்மல் கேமரா: 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் வெப்பத்தைப் படமாக்கும். இருட்டில் அருமை. மனிதன், மாடு, வண்டி, மான் என்று மென்பொருளால் பிரிக்கலாம். அடர்ந்த மூடுபனியும் கனமழையும் பார்வையைக் குறைக்கும். சூடான பாறைகள் அந்திக்குப் பிறகும் படத்தில் ஒளிர்ந்துகொண்டிருக்கும். அவற்றைப் படத்தில் அடையாளம் கண்டு விலக்க வேண்டும்.

ரேடார்: மூடுபனியும் இருட்டும் இதற்குப் பொருட்டில்லை, பரந்த நிலத்தைப் பார்க்கும், தூரமும் திசையும் சொல்லும். அசைவை வைத்துக் கண்டறிவதால், நின்று மேயும் விலங்கு திரையிலிருந்து மறைந்துபோகலாம். காற்றில் ஆடும் கிளை விலங்காகத் தெரியலாம்.

புதைத்த கேபிள்: மண்ணுக்குள் ஒரு மின்காந்தப் புலம், பெரிய உடல் மேலே வந்தால் புலம் மாறும். வெளியே எதுவும் தெரியாததால் திருட்டும் சேதமும் குறைவு. யானை மாதிரிப் பெரிய உடலுக்கு ஏற்றது, சிறிய மானுக்குச் சந்தேகம்தான். மண் ஈரம் மாறினால் மறுபடி சரிசெய்ய வேண்டும்.

கழுத்துப் பட்டை முறையும் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் சீக்விம் ஊருக்கு அருகே 2000-ஆம் ஆண்டு எல்க் மான்கள் சிலவற்றுக்கு ரேடியோ பட்டை கட்டி, அவை சாலையை நெருங்கினால் விளக்கு எரியும்படி செய்தார்கள். கூட்டமாகவே நகரும் விலங்குக்கு இது பொருந்தும். பட்டை இல்லாமல் தனியே திரியும் ஆணுக்குப் பொருந்தாது. பேட்டரி தீர்ந்தால் மறுபடி பிடித்து மயக்க வேண்டும்.

என் கருத்து: வேலி இடைவெளி போன்ற குறுகிய இடத்துக்குத் தெர்மல் கேமரா, மூடுபனி அதிகமுள்ள திறந்த வெளிக்கு ரேடார், கூடவே உறுதிசெய்ய ஒரு தெர்மல். இரண்டு சென்சாரும் ஒப்புக்கொண்டால்தான் விளக்கு என்று வைத்தால் பொய் எச்சரிக்கை வெகுவாகக் குறையும், ஆனால் ஏதோ ஒன்று பார்க்கத் தவறினாலும் எச்சரிக்கை போய்விடும். எது பெரிய கேடு என்பதை இடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

7. கம்பம், மின்சாரம், இணைப்பு

கம்பம் சாலை விளிம்பிலிருந்து போதுமான அளவு தள்ளி இருக்கட்டும். வண்டி தடம் மாறி மோதினால் உயிரைக் காக்க வந்த கம்பமே உயிரை எடுத்துவிடும். தள்ள இடமில்லையென்றால் மோதினால் முறியும் வகைக் கம்பம். ஒல்லியான உயரக் கம்பத்தில் கேமராவை வைக்காதீர்கள். லாரி போகும் காற்றுக்கே அது ஆடும், படம் முழுவதும் "அசைவு" ஆகிவிடும்.

சோலார் கணக்கைச் செய்தே காட்டுகிறேன். கேமராவும் கணினியும் சேர்ந்து 15 வாட் என்றால் ஒரு நாளைக்கு 360 வாட்-மணி. வெயிலே இல்லாமல் 4 நாள் தாங்க வேண்டுமென்றால் 1440. ஈய அமில பேட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்யக் கூடாது என்பதால் 2880. 12 வோல்ட்டில் 240 ஆம்பியர்-மணி. ஆண்டின் மோசமான மாதத்தில் முழு வெயிலுக்குச் சமமான நேரம் 3 மணி என்றும், இழப்பு 30% என்றும் வைத்தால் பேனல் சுமார் 170 வாட். பலரும் ஆண்டுச் சராசரி வெயிலை எடுத்துக்கொண்டு பாதி அளவு பேனலை வாங்குகிறார்கள். மூடுபனி மாதத்தில், விலங்கும் அதிகம் வரும் நாளில், அமைப்பு தூங்கிவிடும். பலகை விளக்குகளுக்கும் இதே கணக்கைத் தனியாகப் போடுங்கள்.

சென்சாரிலிருந்து பலகைக்குச் செய்தி, கேபிளிலோ லோரா போன்ற ரேடியோவிலோ நேராகப் போக வேண்டும். மொபைல் வழியே எங்கோ ஒரு சர்வருக்குப் படத்தை அனுப்பி, அங்கிருந்து உத்தரவு திரும்பி வரும் அமைப்பை ஒருவர் பெருமையாகக் காட்டினார். 5 நொடித் தாமதம். அந்த 5 நொடியில் வண்டி 110 மீட்டர் போய்விடும். முடிவு சாலையோரத்திலேயே எடுக்கப்படட்டும். மொபைல் இணைப்பு, பதிவுகளையும் பழுதுச் செய்தியையும் உங்களுக்கு அனுப்ப மட்டும்.

8. விளக்கு எவ்வளவு நேரம் எரிய வேண்டும்

கற்றை முறையில் விலங்கு ஒரு கணம்தான் தெரியும். அப்புறம் அது கற்றைக்கும் சாலைக்கும் நடுவில் நின்று நிதானமாக மேயலாம். அதனால் ஒருமுறை அறுந்தால் விளக்கு சில நிமிடமாவது எரிய வேண்டும். எத்தனை நிமிடம் என்பதை உங்கள் காட்டுக் கேமரா படங்களே சொல்லும்: விலங்கு முதல் படத்தில் தெரிந்ததற்கும் கடந்து முடித்ததற்கும் நடுவே உள்ள நேரங்களை வரிசைப்படுத்தி, 10-இல் 9 விலங்குகள் எந்த நேரத்துக்குள் முடித்தனவோ அதை எடுங்கள். மீண்டும் அறுந்தால் நேரம் முதலிலிருந்து ஓட வேண்டும்; கூட்டமாக வரும்போது இது முக்கியம்.

பரப்பு முழுவதையும் பார்க்கும் கேமராவிலும் ரேடாரிலும், விலங்கு தெரியும்வரை எரிந்து, மறைந்தபின் 30 நொடி கழித்து அணைந்தால் போதும். பயத்தில் 10 நிமிடம் வைக்காதீர்கள். விளக்கு எரிகிறது, விலங்கு இல்லை என்பதை ஓட்டுநர் நான்கு முறை பார்த்தால் ஐந்தாவது முறை அவருக்கு அது ஒரு அலங்கார விளக்கு.

9. பலகையில் என்ன எழுத வேண்டும்

விலங்கின் படம், அதன்மேல் மினுங்கும் மஞ்சள் விளக்கு, கீழே "விளக்கு மினுங்கினால் விலங்கு அருகில்" என்பது போல ஒரே வரி. முடிந்தால் அந்த நேரத்துக்கு மட்டும் ஒளிரும் வேக எண். எண் இருந்தால் ஓட்டுநருக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. வெறும் "கவனம்" என்றால் அவர் கவனித்துக்கொண்டே அதே வேகத்தில் போவார்.

"விளக்கு இல்லையென்றால் பாதுகாப்பு" என்ற பொருள் எங்கும் வரக் கூடாது. அமைப்பு பழுதாகும் நாளில் அந்த வரி ஆளைக் கொல்லும். பழுதானால் விளக்கு அணைந்தே இருக்கட்டும், ஆனால் உங்களுக்கு உடனே செய்தி வரட்டும். ஒரு நாளுக்குள் சரிசெய்ய முடியாவிட்டால் பலகையைத் துணியால் மூடிவிட்டு, சாதாரண விலங்கு எச்சரிக்கைப் பலகையை அதன் இடத்தில் வையுங்கள்.

10. விளக்கை எரியவிடாமல் ஒரு மாதம் ஓட்டுங்கள்

எல்லாம் பொருத்தியாயிற்று, திறப்பு விழாவுக்குத் தேதி கேட்பார்கள். கொடுக்காதீர்கள். பலகைக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டு, அமைப்பு "இப்போது எரித்திருப்பேன்" என்று சொல்லும் ஒவ்வொரு நொடியையும் பதிவு மட்டும் செய்ய வையுங்கள். பக்கத்திலேயே தனியாக ஒரு கேமரா, இடைவிடாமல் வீடியோ எடுக்கட்டும். பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள்.

முதலில் நீங்களே நடங்கள். 10 மீட்டருக்கு ஒரு கோடு என்று பகுதி முழுவதும் குறுக்காக, மெதுவாக, வேகமாக, நின்று நின்று. அப்புறம் பன்றி உயரத்துக்குக் குனிந்து தவழ்ந்து. அதிகாலை நான்கு மணிக்கு ஈரப் புல்லில் முழங்காலில் போனபோதுதான், கற்றையிருந்தும் ஓர் இடத்தில் நான் யாருக்கும் தெரியாமல் சாலைக்கு வந்து சேர்ந்தேன். வரைபடத்தில் அது சமதளம். நேரில் அங்கே ஒரு சாண் ஆழத்துக்கு மழைநீர் அரித்த பள்ளம்.

மனிதனை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது, விலங்கோ நாம் கூப்பிட்டால் வராது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லூயிஸ்டவுன் என்ற இடத்தில் பல அமைப்புகளை ஒரே களத்தில் சோதித்தபோது, எல்க், மூஸ் போன்ற பெரிய மான் வகைகளுக்கும் மற்ற மான்களுக்கும் பதிலாகக் குதிரை, லாமா, செம்மறி ஆடுகளை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். உங்கள் விலங்கின் அளவுக்கு அருகில் உள்ள வளர்ப்பு விலங்கு எதுவோ, அதை உரிமையாளரோடு சேர்த்து நடக்க வையுங்கள். சாலையை மறித்துக்கொண்டு, பகலில்.

கடிகாரம். இது என் சொந்தத் தவறு, அதனால் அழுத்திச் சொல்கிறேன். வீடியோ கேமராவின் கடிகாரம் 7 நிமிடம் முந்தி ஓடியது எனக்குத் தெரியவில்லை. ஒரு வாரப் பதிவை ஒப்பிட்டு, அமைப்பு ஏறக்குறைய எல்லாவற்றையும் தவறவிடுகிறது என்று அறிக்கையே எழுதிவிட்டேன். எல்லாக் கருவிகளின் நேரத்தையும் ஜி.பி.எஸ். நேரத்தோடு ஒத்து வைத்து, வாரம் ஒருமுறை ஒரே மொபைல் திரையை எல்லாக் கேமராவுக்கும் காட்டிச் சரிபாருங்கள்.

இப்போது எண்ணுங்கள். ஒரு நாளைக்கு விலங்கு 20 முறை வருகிறது, எல்லாவற்றையும் பிடித்துவிட்டது. பிரமாதம். ஆனால் மணிக்கு 5 பொய் எச்சரிக்கை என்றால் நாளைக்கு 120. மொத்தம் 140 முறை எரிந்ததில் 20 மட்டுமே உண்மை, ஏழில் ஒன்று. விற்றவர் "100% கண்டறிதல்" என்பார், அது பொய்யும் அல்ல. ஓட்டுநரின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஏழில் ஆறு முறை ஏமாற்று. எரிவதில் பாதியாவது உண்மை என்று ஆகாமல் நான் கம்பியை மாட்ட மாட்டேன். எந்தக் காரணத்தால் பொய் எச்சரிக்கை வருகிறது என்று ஒவ்வொன்றையும் வகைப்படுத்துங்கள்: கிளை, பறவை, மழை, திரும்பும் வண்டியின் சூடான இன்ஜின், லென்ஸ் முன்னால் சிலந்தி. பெரும்பாலும் ஒன்றிரண்டு காரணங்களே முக்கால்வாசியைத் தரும். அவற்றைச் சரிசெய்து மறுபடி ஒரு மாதம். அதற்குள் நல்ல மழை, மூடுபனி, கடும் வெயில் மூன்றும் வந்திருக்க வேண்டும்.

11. திறந்த பிறகு வாராவாரம்

புல்லும் சிலந்தியும்தான் உங்கள் எதிரிகள். அகச்சிவப்பு விளக்கு உள்ள கேமராவுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்ஸின் குறுக்கே ஓர் இழை போதும், இரவு முழுவதும் "விலங்கு". மென்மையான தூரிகை ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

புல்லை வெட்டுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சாலையோரத்தை மட்டும் அடிக்கடி வெட்டினால் இளந்தளிர் வரும். மான் அதைத் தேடிச் சாலைக்கே வரும். கற்றை போகும் வரிசையை மட்டும் சரளைக்கல் பரப்பி மூடிவிட்டால் வெட்டும் வேலையும் குறையும், விருந்தும் இருக்காது.

பேனலைத் துடையுங்கள், நிழல் வந்துவிட்டதா பாருங்கள். வாரம் ஒருமுறை யாராவது குறுக்கே நடந்து, விளக்கு எரிவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். கணினி "நலம்" என்று செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். பலகையில் பல்பு போயிருக்கும்.

12. பலன் இருக்கிறதா என்று அளப்பது

மோதல் எண்ணிக்கை ஓரிரு ஆண்டில் எதையும் சொல்லாது. ஆண்டுக்கு 6 நடந்த இடத்தில் 3 நடந்தால் அது அமைப்பாலும் இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். அதனால் இடையில் வேகத்தை அளங்கள். பகுதிக்குள் வேகமானி ஒன்றை மறைவாக வைத்து, விளக்கு எரிந்தபோதும் எரியாதபோதும் போன வண்டிகளை ஒப்பிடுங்கள். ஒரே மணி நேரத்தில், ஒரே வானிலையில் போன வண்டிகளையே ஒப்பிட வேண்டும். நள்ளிரவு லாரியை மாலை நேரக் காரோடு ஒப்பிட்டு மகிழ்ந்தவர்கள் உண்டு.

வேகம் சில கிலோமீட்டரே குறைந்தாலும் கைவிடாதீர்கள். 80-லிருந்து 60-க்கு வந்தால் மோதும் ஆற்றல் 44% குறைகிறது. அது கனவு அளவு. ஆனால் ஓட்டுநர் எதிர்பார்ப்போடு வந்தாலே பிரேக் போடும் நேரம் குறையும். ஒரு நொடி மிச்சமானால் 80 கி.மீ. வேகத்தில் 22 மீட்டர். வேகமானியில் இது தெரியாது. பிரேக் விளக்குகள் எங்கே எரிகின்றன என்று இரவில் ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து எண்ணினால் தெரியும்.

விளக்கு எரிந்தபோதும் எரியாதபோதும் வேகத்தில் வேறுபாடே இல்லையென்றால், சென்சாரை மாற்றாதீர்கள். பத்தாவது படிக்குத் திரும்பிப் போய், ஏழில் எத்தனை உண்மை என்று மறுபடி எண்ணுங்கள்.